பெயர் சொல்லி அழைக்கும் காலை: வாசகர் கேள்விகள், ஆசிரியர் பதில்கள்

பணியின்போது உயிர்நீத்த காவலர்களுக்காகத் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடைபெறும் நினைவு நாளைப் பற்றிச் சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்றை வெளியிட்டிருந்தோம். அந்த நான்கு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. அதனால் இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பாதிக் கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்தவை; அவற்றின் தமிழாக்கம் நம்முடையது. ஒன்று மட்டும் பேத்தி தட்டச்சு செய்து, அடியில் ஆயா தமிழில் நடுங்கும் கையால் ஒப்பமிட்டு அனுப்பியது. துயரத்தில் இருக்கும் குடும்பங்களைக் கருதி எவருடைய பெயரையும் அச்சிடவில்லை.

கேள்வி: என் அண்ணன் மகன் பன்னிரண்டு ஆண்டுகள் காவல்துறையில் இருந்தான். சென்ற நவம்பர் மாதம் வழிப்பறிக் கும்பல் ஒன்றைத் துரத்திச் சென்றபோது சுடப்பட்டு இறந்துவிட்டான். நினைவு நாளுக்கு வருமாறு எங்கள் குடும்பத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அண்ணியோ, “பிள்ளையே போன பிறகு மேடையும் பேச்சும் எதற்கு?” என்று வர மறுக்கிறார். அங்கே என்னதான் நடக்கிறது? அவரை வற்புறுத்தி அழைத்துச் செல்லலாமா? (வாசகி, சாட்ஸ்வர்த்)

பதில்: வற்புறுத்த வேண்டாம், அம்மா. ஆனால் அங்கே நடப்பதை ஒரு முறை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். முடிவை அவரே எடுக்கட்டும்.

தென்னாப்பிரிக்கக் காவல் சேவை ஆண்டுதோறும் வழக்கமாகச் செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையில் இந்த நாளைக் கடைப்பிடிக்கிறது. இடம், பிரிட்டோரியாவில் குன்றின்மீது அமைந்த யூனியன் பில்டிங்ஸ் எனும் அரசு மாளிகையின் வளாகத்திலுள்ள காவலர் நினைவிடம். மறைந்தோரின் கணக்கு நாட்காட்டி ஆண்டின்படி அமையாமல், ஏப்ரல் 1 தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31 வரையிலான அரசு நிதியாண்டின்படி அமைகிறது. ஆகவேதான் நவம்பரில் மறைந்த தங்கள் பிள்ளையின் பெயர் இவ்வாண்டுப் பட்டியலில் வருகிறது. குடியரசுத் தலைவரோ அமைச்சரோ பேசுவார்கள், பல சமயத்தவரின் வழிபாடு நடக்கும், மலர்வளையங்கள் வைக்கப்படும், எக்காளத்தில் ‘லாஸ்ட் போஸ்ட்’ இசைத்த பின் அனைவரும் மௌனமாக நிற்பார்கள். இவை எந்த அரசு விழாவிலும் காணக்கூடியவையே. பேச்சுகளைப் பொறுத்தவரை அண்ணியின் கருத்தோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் அந்தக் காலையின் உயிர் அதில் இல்லை. பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அண்டை வீட்டுக் குடும்பம் ஒன்றுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். டர்பனிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் இரவெல்லாம் பயணம் செய்து, ஜகரண்டா பூக்க இன்னும் ஒரு மாதம் இருக்கும் அந்தக் குளிர்ந்த காலையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வரிசையில் வெள்ளைச் சேலை உடுத்திய நம் அம்மாள் ஒருவர். அவருக்கு அடுத்த நாற்காலியில் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்திய சூலு இனப் பெண் ஒருவர். துக்கத்துக்கு ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கறுப்பு. இருவர் மடியிலும் ஒரே நிகழ்ச்சித் தாள். பட்டியல் படிக்கத் தொடங்கியதும் இருவருமே தத்தம் பிள்ளையின் பெயர் அச்சான வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டார்கள். மேலிருந்து ஒவ்வொரு பெயராக இறங்கி வர வர, அந்த விரல்கள் அசையவே இல்லை. தம் பெயர் வந்து போன பின்னும் நெடுநேரம் அவற்றை எடுக்கவும் இல்லை. நம் அம்மாளும் புறப்படும் முன்பு தங்கள் அண்ணி சொன்ன அதே சொற்களைத்தான் சொல்லியிருந்தார். திரும்பும் வழியில் ஹாரிஸ்மித் அருகே தேநீருக்காக வண்டியை நிறுத்தியபோது, “சத்தமாகச் சொன்னார்கள், கேட்டீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

இதை அண்ணியிடம் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மனம் வரவில்லை என்றால் தாங்கள் போய்வாருங்கள். அந்தத் தாளைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுங்கள். மாகாண அளவிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் நடைபெறுவது உண்டு. நீண்ட பயணம் ஒன்றே தடையாக இருந்தால், பணியாற்றிய காவல் நிலையத்தில் அதைப் பற்றிக் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், சுடப்பட்டு இறந்தது துர்மரணம் என்றும், அப்படி இறந்தவரின் படத்தை, அதுவும் சீருடையில் இருக்கும் படத்தை, சாமி விளக்கு இருக்கும் அறையில் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறார். என் கணவரின் வேறு நல்ல படம் எதுவும் என்னிடம் இல்லை. இது நம் வழக்கம்தானா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பீனிக்ஸ்)

பதில்: நம் வழக்கத்தில் இரண்டு இழைகள் உண்டு, அம்மா. அகால மரணத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது ஒன்று. மற்றவரைக் காக்கப் போய் இறந்தவனை, அவன் இறந்த முறைக்காகவே தெய்வமாக வைத்துக் கும்பிடுவது மற்றொன்று. பெரியவர் முதல் இழையைப் பிடித்திருக்கிறார். தங்களுக்கு உரியது இரண்டாவது. அதுதான் பழையது என்பதும், கல்லில் வெட்டி வைக்கப்பட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடுகல் என்பது என்ன? ஊரின் மாடுகளைக் கவர வந்தவர்களை மறித்துப் போரிட்டு மாண்டவனுக்கு, ஊரார் நட்டு வைத்த கல். 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்துடையவை. அவற்றுள் ஒன்று, ஆகோள் எனப்படும் மாடு கவரும் சண்டையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மலையில் தக்க கல்லைத் தேடிக் காண்பது முதல், அதைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைப் பழைய இலக்கண மரபு வகுத்திருக்கிறது. நோயில் படுத்து இறந்தவனுக்கு இந்த ஆறும் இல்லை. அம்பு பட்டும் வாள் வெட்டுப்பட்டும் விழுந்தவனுக்கே உண்டு. அந்த மரபில் அது துர்மரணம் அன்று.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது. கருந்தேவக்கத்தி என்பவன் மாடுகளை மீட்கும் சண்டையில் இறந்ததை அது சொல்கிறது. அவனோடு நின்ற நாயையும் கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, கள்வர் இருவரை அது கடித்துக் காத்து நின்றதையும் குறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன், காவல் காத்த ஒரு நாயின் பெயரையே விடக் கூடாது என்று நினைத்த மக்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

அந்தக் காலத்தார் கல்லோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றாலும் இரத்தம்தான். சிந்திய இரத்தத்துக்கு ஈடாகச் சோறு விளையும் நிலம். இன்று இந்நாட்டில் பணியில் உயிர்நீத்த காவலர்களின் பிள்ளைகளுடைய படிப்புக்கென்று காவல்துறையின் கல்வி அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. தங்களுக்குப் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். அது பிச்சையும் அன்று, சலுகையும் அன்று. பெயர் மாறிய உதிரப்பட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சீருடைப் படத்தை விளக்கருகிலேயே வையுங்கள். பெரியவரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மரியாதையோடு நடக்கும் காவலர் இறுதிச் சடங்கில் சவப்பெட்டியின் மேல் கொடியும் தொப்பியும் வைக்கிறார்கள். நம் முறைப்படி தகனம் செய்யும்போது அவற்றை என்ன செய்வது? எங்கள் உறவினர் ஒருவரின் சடங்கில் குருக்களுக்கும் அணிவகுப்பு அதிகாரிக்கும் இடையே இதனால் சிறு வாக்குவாதமே வந்துவிட்டது. (வாசகர், மெர்பாங்க்)

பதில்: முந்தின நாள் மாலையே இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்திருந்தால் வாக்குவாதம் வந்திராது. கொடியும் தொப்பியும் பதக்கங்களும் எரிப்பதற்கு உரியவை அல்ல. கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பதும், தொப்பியையும் பதக்கங்களையும் அதனுடன் கொடுப்பதும் முறை. ஆகவே அணிவகுப்பு மரியாதை முழுவதையும் முதலில் முடித்துக்கொண்டு, கொடி கைமாறிய பின்பு நம் சடங்கைத் தொடங்கினால் ஒன்றுக்கொன்று இடறாது. கிளேர் எஸ்டேட் தகன மண்டபத்தில் நான் கண்ட ஒரு சடங்கில் அப்படித்தான் நடந்தது. வெள்ளைக் கையுறை அணிந்த அதிகாரி மடித்த கொடியை மனைவியின் கையில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி நின்றார்; அதன் பிறகே மகன் வாய்க்கரிசிக்கு முன்வந்தான். துப்பாக்கி வேட்டுச் சத்தம் குழந்தைகளைத் திடுக்கிட வைக்கும். அதை மட்டும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: நான் கேட்டோ மேனரில் பிறந்தவன். 1960இல் அங்கே கொல்லப்பட்ட காவலர்களைப் பற்றி என் தந்தை பேசியிருக்கிறார். அவர்கள் இனஒதுக்கல் அரசின் காவலர்கள். அவர்களையும் ‘பணியில் உயிர்நீத்தோர்’ என்று வணங்க வேண்டுமா? அந்தக் காவல்துறை நம் மக்களுக்குச் செய்ததை மறந்துவிட வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், டர்பன்)

பதில்: மறக்கச் சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை, ஐயா. வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது தங்களுடையதே. இளைய வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டர்பனிலுள்ள கேட்டோ மேனர், நம்மவர்கள் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இடம். அம்பலவாணர் ஆலயம் இன்றும் நிற்கும் இடம். காலப்போக்கில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அந்தப் பெண்கள் வீட்டில் காய்ச்சும் பாரம்பரிய பீருக்கு அரசு தடை விதித்திருந்தது. நகராட்சியே பீர்க் கூடங்களை நடத்தி விற்றது. அந்த வருமானத்தைக் கொண்டே ஆப்பிரிக்க மக்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகச் செலவையும் ஈடுகட்டியது. ஒருவருடைய பிழைப்பைப் பறித்து, அந்தப் பணத்தாலேயே அவருக்கு விலங்கு செய்வதற்கு ஒப்பான ஏற்பாடு அது. 1959 ஜூன் மாதம் பெண்கள் கொதித்தெழுந்து பீர்க் கூடத்தைத் தாக்கினார்கள். அதே காலத்தில் குடிசைகளை அகற்றி மக்களைக் குவாமாஷு என்ற புதிய குடியிருப்புக்கு அனுப்பும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. இந்தச் சூட்டில்தான் 1960 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, மதுச் சோதனைக்குச் சென்ற காவலர்களைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு ஒன்பது பேரைக் கொன்றது. அவர்களில் நால்வர் வெள்ளையர், ஐவர் கறுப்பினத்தவர். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடிய மக்களைக் காவலர்கள் சுட்டதில் 69 பேர் மாண்டார்கள். கேட்டோ மேனரின் நினைவு அந்தக் காவலர்களின் விரல்களைப் பதற வைத்தது என்று எழுதியவர்கள் உண்டு. அது காரணமாக இருக்கலாம், நியாயம் ஆகாது.

இனி என் கருத்து. அந்த ஒன்பது பேரும் இறந்தது ஓர் அநியாயமான சட்டத்தை நிறைவேற்றப் போன இடத்தில். ‘வீரவணக்கம்’ என்ற சொல்லை அந்தச் சோதனைக்கு என்னால் பயன்படுத்த முடியாது. அந்தச் சட்டத்துக்கு வணக்கமில்லை. ஆனால் அடித்துக் கொல்லப்பட்ட மனிதனுக்காக இரங்குவதற்கு அவனுடைய முதலாளியின் நற்சான்று தேவையில்லை. குறிப்பாக அந்த ஐவரை எண்ணிப் பாருங்கள். தங்களுக்கே வாக்குரிமை தராத அரசின் சீருடையை அணிந்து, தங்கள் மொழி பேசும் பெண்களின் பானைகளை உடைக்கப் போய், அங்கேயே மாண்டார்கள். அவர்களுக்கும் வீட்டில் ஒரு தாய் இருந்திருப்பாள்.

இந்த நாடு இந்தக் கேள்வியை இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைக்காக மாண்டோரை நினைவுகூரும் பிரிட்டோரியாவின் ஃப்ரீடம் பார்க்கில் எழுப்பிய பெயர்ச் சுவரில் பழைய அரசின் படைவீரர்களைச் சேர்க்காததால், 2009இல் வெள்ளைக் குடியேறிகளைப் போற்றும் ஃபூர்ட்ரெக்கர் நினைவுச்சின்ன வளாகத்தில் அவர்களுக்கென்று வேறொரு சுவர் எழுந்தது. ஒரே நகரத்தில் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் இரண்டு குன்றுகள், இரண்டு பட்டியல்கள். காவலர் நினைவிடமோ வேறு வழியில் போயிருக்கிறது. 1984இல் இனஒதுக்கல் அரசு திறந்து வைத்த அதே இடத்தில்தான், 1995இல் பழைய காவல்துறையும், கறுப்பினத்தவருக்கென்று அந்த அரசு பிரித்து வைத்திருந்த ‘தாயகங்களின்’ காவல் படைகளும் ஒன்றாகி உருவான இன்றைய சேவையும் தன் மறைந்தோரை நினைவுகூர்கிறது. இடத்தை இடிக்காமல், அதன் பொருளை மாற்ற முயல்கிறார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காவலர் கையால் இறந்தவர்களின் பெயர்களும் அதே உரத்த குரலில் படிக்கப்பட வேண்டும். 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில் சுடப்பட்டு மாண்ட நம் தொழிலாளர்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சத்தியாகிரகத்தில் சிறை சென்று அந்தக் கொடுமையால் இறந்த நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டத்தில் 1914 ஜூலையில் காந்தியடிகள் திறந்து வைத்த நினைவுக்கற்கள் இருக்கின்றன. அடுத்த முறை உறவினர் திருமணத்துக்கு ஜோகன்னஸ்பர்க் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்து வாருங்கள்.

கேள்வி: நம்மவர்கள் எப்போதிலிருந்து காவல் பணியில் இருக்கிறார்கள்? (மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த முதல் கப்பலான டிரூரோ 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்கு முன்பே டர்பன் நகரக் காவல் படையில் இந்தியக் காவலர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சுவையான சான்று ஒன்று உண்டு. 1897 ஜனவரி 13 அன்று கரையிறங்கிய காந்தியடிகளை வெள்ளையர் கூட்டம் தாக்கியது. அவர் தங்கியிருந்த வீட்டைக் கூட்டம் முற்றுகையிட்டபோது, காவல் கண்காணிப்பாளர் அலெக்சாண்டர் அவரை இந்தியக் காவலர் வேடத்தில் தப்பச் செய்தார். இந்தியக் காவலர் என்பது தெருவில் பழகிய காட்சியாக இருந்திராவிட்டால் அந்த வேடம் எடுபட்டிருக்காது. தலைக்கவசத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மதராசித் துண்டு ஒன்றைச் சுற்றினார்கள். அந்தத் துண்டு யாருடையதோ!

கேள்வி: இந்தியாவிலும் இப்படி ஒரு நாள் உண்டா? (மாணவர், லெனேசியா)

பதில்: உண்டு, தம்பி. அக்டோபர் 21, தமிழ்நாட்டில் காவலர் வீரவணக்க நாள் என்று சொல்கிறார்கள். 1959ஆம் ஆண்டு அந்த நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், காணாமல் போன சக காவலர்களைத் தேடிச் சென்ற இந்தியக் காவலர் குழு சீனப் படையினரின் தாக்குதலுக்கு உள்ளாகி, பத்துப் பேர் மாண்டனர். 1960 ஜனவரியில், அதாவது கேட்டோ மேனர் சம்பவம் நடந்த அதே மாதத்தில், இந்தியாவில் கூடிய மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு அந்த நாளை நினைவு நாளாக்கியது. புதுதில்லியின் சாணக்கியபுரியில் உள்ள தேசியக் காவலர் நினைவிடம் 2018 அக்டோபர் 21 அன்றுதான் திறக்கப்பட்டது. 30 அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட கருங்கல் அதன் நடுவே நிற்கிறது. சுற்றிலும் சுவரில் திறப்பு நாளன்றே 34,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவ்வளவு பெரிய கல்லைப் பார்க்கும்போது, நடுகல் நடும் பழக்கம் எங்கும் போய்விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: என் கணவர் காவலர். விடுப்பு நாளில், எங்கள் வீட்டு வாயிலிலேயே, அவருடைய கைத்துப்பாக்கிக்காகச் சுட்டுக் கொன்றார்கள். ‘பணியில் இல்லாதபோது’ என்று எழுதிவிட்டார்கள். அவர் காவலராக இருந்ததால்தானே இறந்தார்? (வாசகி, டொங்காட்)

பதில்: அம்மா, தங்கள் கேள்வியில் இருக்கும் நியாயத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். காவல் சேவை தன் ஆண்டறிக்கையில் பணியில் இருக்கும்போது கொல்லப்பட்டவர்களையும் பணிநேரத்துக்கு வெளியே கொல்லப்பட்டவர்களையும் தனித்தனியே கணக்கிடுகிறது. இரண்டாவது வகையினர் குறைவானவர்கள் அல்லர். துப்பாக்கியைப் பறிக்க வருபவன், அது இருக்கும் இடம் தெரிந்தே வருகிறான். அவனுக்கு விடுப்பு நாளும் வேலை நாளும் ஒன்றுதான்.

செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். விடுப்பில் இருந்தாலும், நடக்கும் குற்றத்தைத் தடுக்கவோ பிறரைக் காக்கவோ தலையிட்டவர் தம்மைப் பணியில் அமர்த்திக்கொண்டவர் என்று வாதிட இடமுண்டு. அன்று தங்கள் கணவர் அண்டை வீட்டாரை எச்சரித்தாரா, கொள்ளையரைத் தடுக்க முயன்றாரா என்பதை நேரில் கண்டவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். அதை இணைத்து, மறுபரிசீலனை கோரி நிலையத் தலைமை அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் எந்தத் தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தாரோ அதன் அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள். இத்தகைய வழக்குகளில் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள். ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள்: அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிலிருந்து வாழ்க்கைத் துணைக்கு வர வேண்டியது, அவர் பணியில் இறந்தாரா இல்லையா என்ற வகைப்பாட்டைப் பார்த்து நிற்பதன்று. அந்த விண்ணப்பத்தை இதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

நினைவிடத்தில் பெயர் வராமலே போனாலும் தங்கள் ஊர்க் கோயில் வளாகத்தில் ஒரு கல் வைக்க எவருடைய வகைப்பாடும் தேவையில்லை. ஆலயக் குழுவிடம் கேளுங்கள். அவர்கள் தயங்கினால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மறைந்த காவலருக்காகக் கோயிலில் எந்த நாளில் வழிபாடு வைப்பது? (வாசகர், ஸ்டாங்கர்)

பதில்: திதியன்று வைப்பது குடும்பத்தின் உரிமை. பொதுவாக வைப்பதானால் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை பொருத்தமானது. செப்டம்பர் நினைவு நாளுக்குச் சில வாரங்களிலேயே அது வரும். நம்மவர்கள் அந்த மாதம் விரதம் இருப்பதால் கோயிலுக்கும் கூட்டம் வரும். பக்கத்துக் காவல் நிலையத்தாரையும் சாப்பிட அழையுங்கள்; வாழையிலையும் பீன்ஸ் கறியும் இருக்கட்டும்.

கேள்வி: சென்ற ஆண்டு நடந்த ஒரு நினைவு நிகழ்ச்சியில் என் தம்பியின் பெயரைப் படித்தவர் அதைச் சிதைத்துவிட்டார். எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. என் தாயார் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. புகார் செய்யலாமா? (வாசகர், முன்பு போர்ட் எலிசபெத் எனப்பட்ட க்கெபெர்ஹா)

பதில்: புகார் செய்யலாம், ஆனால் படித்தவர்மேல் கோபம் வேண்டாம். நம் பெயர்களைச் சிதைத்தவர்கள் அவருக்கு நூற்று அறுபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டார்கள். கப்பல் பட்டியலில் காதில் விழுந்தபடி எழுத்தர் எழுதினார். கவுண்டர் கவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், பிள்ளை எப்படியோ பிலே ஆனார். படையாச்சி என்ற பெயரில் படை இருப்பது அதை உடையவர்களுக்கே இன்று தெரியாது. அந்த ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு கோசா மொழிக்காரரோ ஆஃப்ரிகான்ஸ்காரரோ மேடையில் முதல்முறையாகப் பார்த்துப் படிக்கும்போது அவர் என்ன செய்வார்? அவர்களுடைய பெயர்களில் வரும் சொடுக்கு ஒலிகளை நாம் மட்டும் சரியாகச் சொல்கிறோமா? தங்கள் ஊரின் புதிய பெயரை முதல் முறை சரியாகச் சொன்ன தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் தங்கள் தாயார் சாப்பிடாமல் இருந்ததன் காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எடுத்தனூர்க் கல்லில் நாயின் பெயரையே பிழையின்றி வெட்டினார்கள் என்று மேலே எழுதினேன். கல்லை விட, துப்பாக்கி வேட்டுச் சத்தத்தை விட, மலர்வளையத்தை விட, அந்த நாளில் தவறக் கூடாத ஒன்று பெயர்தான்.

ஆகவே இவ்வாண்டு இப்படிச் செய்யுங்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரங்களுக்கு முன், குடும்பங்களோடு தொடர்பில் இருக்கும் அதிகாரியின் பெயரைக் கேட்டறிந்து, அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் தம்பியின் முழுப் பெயரை அசை அசையாகப் பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதி, எந்த அசையில் அழுத்தம் விழும் என்பதற்கு அதன் அடியில் கோடிடுங்கள். தங்கள் தாயார் அந்தப் பெயரைச் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள்: ஒரு முறை மெதுவாக, இன்னொரு முறை அவனை வாசலிலிருந்து கூப்பிடும் குரலில்.